வளைகுழாய்

நான்காம் தளம். நானூற்றேழாம் அறை.
கைகழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
நெற்றியில் விளக்கு, வாயில் முகமூடி, இரண்டு சோடிக் கையுறை.
முப்பத்தொரு வருட வேலையில்
ஒரு குழாயைக் கழற்ற இத்தனை உடுத்தியதில்லை.

கட்டில் காலி. மெத்தையை எடுத்துப் போய்விட்டார்கள்.
வாசலில் யமாண்டு, இரவுப் பணிச் செவிலியன்,
கையில் மூடியிட்ட குப்பிகள்.
"மெதுவாக, சிதறாமல்" என்கிறான்
பிரசவம் பார்ப்பவனைப் போல.

மரையைத் திருகுகிறேன்.
வளைவில் தேங்கிய நீர் ஒரு கரண்டி இருக்கும்.
அதன் சுவரில் பாசியும் இல்லாத சளியும் இல்லாத ஒன்று,
சாம்பல் பச்சையில்.
முகமூடியைத் தாண்டி வந்தது மணம்:
திராட்சை கனிந்து கெடும்போது வருவது, கொஞ்சம் இனிப்பாக.
அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.
நாறியிருக்கலாம் அது.

இந்தத் தளத்தில் பூ கூடாது.
தோல் சீவாத பழம் கூடாது.
மருந்து வெள்ளணுக்களை ஒன்றுவிடாமல் துடைத்த நாட்களில்
எண்ணிக்கைத் தாளில் பூச்சியம் என்று வரும்.
அந்தப் பூச்சியத்தோடு சுல்மா இங்கே
பத்தொன்பது நாள் படுத்திருந்தாள்.
வந்தவர்கள் எல்லோரும் கைகழுவினார்கள்.
மருத்துவர் கழுவினார். யமாண்டு கழுவினான்,
சுவரில் ஒட்டிய படத்தில் உள்ளபடி
விரலிடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு.
கழுவியது இங்கே.
தாரை நேராகச் சல்லடையில் விழுந்து
தலைமாடு வரை தெறிக்கிறது.
நாடாவை நீட்டி அளந்தேன்:
எண்பத்தைந்து சென்டிமீட்டர்.

இந்தத் தொட்டியை இங்கே பொருத்தியவன் நான்.
எட்டு வருடத்துக்கு முன்பு, தளத்தைப் புதுப்பித்தபோது.
வரைபடம் அப்படிச் சொன்னது.
ஓரத்துக்குச் சிலிக்கான் பூசி, விரலால் வழித்துவிட்டு,
நன்றாக வந்திருக்கிறதென்று
தள்ளி நின்று பார்த்தது நினைவிருக்கிறது.

ஆய்வகம் பதினோரு நாள் எடுத்துக்கொண்டது.
குப்பியில் இருந்ததும் சுல்மாவின் இரத்தத்தில் இருந்ததும்
அவளுக்கு முன் இதே அறையில் கிடந்த இருவரின் இரத்தத்தில் இருந்ததும்
ஒரே வித்து.
அறிக்கை இயக்குநரின் அலமாரிக்குப் போனது.
என்னைப் புதுக்குழாய் வாங்கச் சொன்னார்கள்.
யாரிடமும் பேச வேண்டாமென்றும்.

அவள் கணவன் அனிபாலோடு பழக்கமில்லை. பார்த்திருக்கிறேன்.
கண்ணாடிக்கு வெளியே நாற்காலியில்,
கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க், கையில் மாத்தேக் குடுக்கை.
மொந்தேவிதேயோவில் அது இல்லாத கை குறைவு.
ஒரு குடுக்கை, ஒரு உறிஞ்சுகுழல், வாய் மாறி வாய்.
முப்பத்தாறு வருடம் அவனும் சுல்மாவும் ஒரே குழலில்.
உள்ளே அது கூடாதென்று எழுதிப் போட்டிருந்தது.
ஒரு ஞாயிறு மாலை அவள் கேட்டாள்,
அவன் கொடுத்தான். ஒரே மிடறு.
மறுநாள் காய்ச்சல்.
வியாழக்கிழமை அவள் இல்லை.
அந்த மிடற்றை அவன் யமாண்டுவிடம் சொன்னான்,
காவல் நிலையத்தில் சொல்வதுபோல,
மணியும் நிமிடமும் சேர்த்து.

அடக்கத்துக்குப் பிறகு யாரிடமும் பேசுவதில்லை என்றார்கள்.
கடல்போல் கிடக்கும் ஆற்றைப் பார்த்தபடி
கரைச்சாலைச் சுவரில் ஐந்து மணிக்கு உட்காருவானாம்.
ஐந்து மணிக்குப் போனேன்.
வேலை போனால் போகட்டும் என்று சொல்ல நான் வீரனில்லை.
கடைசி மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு.
ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன்,
அதற்குள் மனம் மாறுமோ என்று.

"குழாயில் இருந்தது" என்றேன்.
வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.
"தொட்டிக்கு அடியில். உங்கள் மாத்தேயில் இல்லை."
பிறகு மீதியையும் சொன்னேன்,
தொட்டியை யார் பொருத்தியது என்பதை.

காற்று. யாரோ ஒருவரின் நாய் வந்து
என் கருவிப் பையை மோந்துவிட்டுப் போனது.
அனிபால் நெடுநேரம் ஃபிளாஸ்க்கின் மூடியையே திருகினான்,
திறக்கவா மூடவா என்று மறந்தவன்போல.
பிறகு ஊற்றினான்.
குழலை என் பக்கம் திருப்பி நீட்டினான்.

எங்களிடம் ஒரு வழக்கம்:
குடுக்கையைத் திருப்பித் தரும்போது நன்றி சொன்னால்
எனக்குப் போதும், இனி வேண்டாம் என்று பொருள்.

கசந்தது. சுட்டது.
அடியில் சத்தம் வரும்வரை உறிஞ்சினேன்.
ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.
அதே குழலுக்கு அவன் மறுபடி ஊற்றினான்,
இம்முறை தனக்கு.